ஆம்புலன்ஸ் வரும் வரை

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள். நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய பெரியகுப்பம், சின்னகுப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைத் துளைக்கும் நெடி தாங்காமல் விழித்தெழுந்தார்கள். கண்கள் எரிந்தன. தொண்டை அடைத்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு கரித்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கையில் கிடைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு, மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அங்குள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. அன்றிரவு ஏறத்தாழ ஐம்பது பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அம்மோனியா நீரூற்றுச் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். அம்மோனியா நிரம்பிய குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழாயை நீரில் அமிழ்த்தினால், நீர் தானாகவே மேலேறிக் குடுவைக்குள் பீச்சியடிக்கும். காரணம் எளிது. ஒரு லிட்டர் நீர், 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியாவைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். குடுவைக்குள் நுழையும் முதற்சொட்டு நீரே அங்குள்ள வாயுவை விழுங்கிவிடுவதால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது.

அதே வேலைதான் நம் உடலிலும் நடைபெறுகிறது. உடலில் எங்கெல்லாம் ஈரம் இருக்கிறதோ அங்கெல்லாம் அம்மோனியா கரைகிறது. கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகிய இடங்களில் கரைந்து காரமாகி, மென்சவ்வை அரிக்கிறது. அம்மோனியா காற்றைவிட இலேசானது. அதன் மூலக்கூறு எடை 17, காற்றினுடையது சராசரியாக 29. ஆகவே அது மேலே போய்விடும் என்று நீங்கள் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தொழிற்சாலைக்கு வரும் அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் குளிர்ந்த திரவம். கசியும்போது அது காற்றிலுள்ள ஈரத்தைப் பனிமூட்டமாக்கிக்கொண்டு, தரையை ஒட்டியே சிறிது தூரம் தவழும். உறங்குபவர்கள் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இதற்கு முதற்சிகிச்சை என்ன? காற்றின் எதிர்த்திசையில் அந்த இடத்தைவிட்டு அகலுதல். வாயு படிந்த உடைகளைக் களைதல். கண்களைத் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுதல். மூச்சுத் திணறுவோருக்கு ஆக்சிஜன். மூச்சுக்குழல் இறுகி இழுப்பு வந்தவர்களுக்கு, அதைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர். அதன்பின், ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடாமல், சில மணி நேரம் கண்காணித்தல். தொண்டை வீக்கமும் நுரையீரலில் நீர் கோப்பதும் தாமதமாக வரக்கூடியவை.

இந்தப் பட்டியலில் பெரிய மருத்துவமனையால் மட்டுமே செய்யக்கூடியது எது? கடைசியாகச் சொன்ன கண்காணிப்பு ஒன்றுதான் என்று கூறலாம். மற்றவை அனைத்தும் ஒரு தெருமுனைக் கிளினிக்கில் முடியும். கண்ணைக் கழுவத் தனிக் கருவிகூடத் தேவையில்லை. ஒரு சலைன் பாட்டிலும் அதன் நெகிழிக் குழாயும் போதும். கம்பத்தில் தொங்கவிட்டு, குழாயின் நுனியைக் கண்ணருகே பிடித்தால், சீரான நீரோட்டம் கிடைத்துவிடுகிறது.

கிளினிக் திறந்திருக்க வேண்டும் என்பது மற்றொரு செய்தி. நள்ளிரவில் அது பூட்டித்தான் கிடக்கும். ஆனால் விபத்துகள் எல்லாம் நள்ளிரவில் வருவதில்லை. 2024 அக்டோபர் 25-ஆம் நாள் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் இனந்தெரியாத வாயு நெடியால் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அது பகல்வேளை.

நான்கு நிமிடக் கணக்கு

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் இப்பகுதியில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் முதலில் எங்கே போகிறார்கள்? இராயபுரத்தின் அருகே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். ஆனால் எண்ணூரிலிருந்து அது பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். எனவே முதலில் போவது தெரிந்த டாக்டரிடம். அந்த நம்பிக்கை சும்மா வந்ததன்று. வியாசர்பாடியில் 2 ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த திருவேங்கடம் வீரராகவன் 2020-இல் மறைந்தார். வண்ணாரப்பேட்டையில் 5 ரூபாய் டாக்டர் என்று பெயர்பெற்ற ஜெயச்சந்திரன் 2018-இல் மறைந்தார். இவர்களைப் போன்றவர்களின் வாசல்தான் வடசென்னை உழைப்பாளியின் முதல் மருத்துவமனை. நெஞ்சுவலி வந்தவரும், நண்டுக்கறி தின்று உடம்பெல்லாம் தடித்தவரும், வெல்டிங் பட்டறையில் மின்சாரம் தாக்கியவரும் அந்த வாசலுக்கே தூக்கிவரப்படுகிறார்கள்.

அங்கே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் நுரையீரலிலும் குருதியிலும் தசையிலுமாகச் சேர்ந்து இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். ஓய்வாக இருக்கும் மனித உடல் நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. வகுத்துப் பாருங்கள்: நான்கு முதல் ஆறு நிமிடம். ஒட்டகம் நீரைச் சேர்த்துவைப்பதாகச் சொல்வதைப்போல ஆக்சிஜனைச் சேர்த்துவைக்க நம் உடலுக்கு வழியில்லை. மூச்சு நின்றுபோனால் கையிருப்பு இவ்வளவே. இதயமும் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கையிருப்பைக்கூட மூளைக்குக் கொண்டுசேர்க்க ஆளில்லை. சில விநாடிகளில் நினைவு தப்பும். ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் மூளைச் செல்கள் அழியத் தொடங்கும்.

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆயினும் எத்தனை விரைவான ஆம்புலன்சும் நான்கு நிமிடத்தில் வந்து நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் நான்கு நிமிடமும், அதன் பின் ஆம்புலன்ஸ் வரும் வரையிலான நேரமும் கிளினிக்குக்கே உரியவை. அந்த நேரத்தில் அங்கே என்ன இருந்தது, அது வேலை செய்ததா, அதைக் கையாளத் தெரிந்தவர் இருந்தாரா என்ற மூன்று கேள்விகளைப் பொறுத்தே மீதி எல்லாம்.

ஒரு ரப்பர்ப் பை

அங்கே இருக்கவேண்டிய பொருள்களில் மிக எளியதும், என் கருத்தில் மிக அருமையானதும், ஒரு ரப்பர்ப் பைதான். தேங்காய் அளவுக்குச் சற்றுப் பெரிதாக, ஒரு முனையில் முகமூடியுடன் இருக்கும். ஆம்பு பை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நினைவிழந்து மூச்சு நின்றவரின் மூக்கையும் வாயையும் சேர்த்து முகமூடியால் மூடி, பையை அமுக்கினால் காற்று நுரையீரலுக்குள் போகும். கையை விட்டால் பை தானாக விரிந்து வெளிக்காற்றை நிரப்பிக்கொள்ளும். உள்ளே இருப்பது ஓரதர் மட்டுமே. மின்சாரம் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம்.

இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் மருத்துவமனையில் குவிந்தார்கள். இயந்திரங்களோ ஒருசிலவே இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்று காட்டினார். ஆனால் இரவும் பகலும் அமுக்குவது யார்? ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து வந்து, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, கைகளால் மூச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பைகள் அழுத்தமாக வரும் வாயுவை நம்பியிருந்தவை. பின்னர் அதே நாட்டில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து, மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் வருவது தடைப்படும் நிலை வந்தபோது, ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருத்துவர் சிலிண்டரே இல்லாமல் தானே விரியும் பையைப் பற்றிச் சிந்தித்தார். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது.

ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை, மார்பு மெல்ல உயரும் அளவுக்கு, அரை லிட்டர் காற்றுப் போதும். பயந்துபோய் வேகமாகவும் பலமாகவும் அமுக்கினால் காற்று இரைப்பைக்குள் புகுந்து வாந்தி வரும். அது மூச்சுக்குழலில் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். பை எளியதுதான், கை பழக வேண்டும். அந்த வாந்தியையும் கோழையையும் உறிஞ்சி எடுக்க ஓர் உறிஞ்சுகருவி வேண்டும். மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு. காலால் மிதித்து இயக்குவதும் உண்டு. என்னைக் கேட்டால், இக்கடற்கரையில் காலால் மிதிப்பதையே வாங்கச் சொல்வேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் எத்தனை நாள் நீர் நின்றது, மின்சாரம் எப்போது வந்தது என்பதை அங்குள்ள உங்கள் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கறுப்புச் சிலிண்டரும் பாயில் விதியும்

பெரும்பாலான கிளினிக்குகளின் மூலையில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்ட ஓர் இரும்புச் சிலிண்டர் நிற்கும். அந்த நிறமே உள்ளே ஆக்சிஜன் இருப்பதன் அடையாளம். இது எவ்வளவு நேரம் தாங்கும்? நீங்கள் படிக்கும் பாயில் விதிக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு இருக்க முடியாது.

பி வகை எனப்படும் நடுத்தரச் சிலிண்டரின் உட்கொள்ளளவு 10 லிட்டர். அதில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் அடைக்கப்படுகிறது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கனஅளவும் பெருக்கினால் மாறிலி. ஆகவே வெளியே வந்து விரிந்தால் 10 பெருக்கல் 150, அதாவது 1500 லிட்டர். கடும் மூச்சுத்திணறல் உள்ளவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் 150 நிமிடம் வரும். முள் 50-இல் நின்றால் 500 லிட்டர், 50 நிமிடம். முள் 10-இல் நின்றால் பத்தே நிமிடம். அழுத்தமானியைப் பார்த்தாலே மனத்தில் நிமிடக் கணக்கு ஓடவேண்டும். சிலிண்டர் இருக்கிறது என்று சொல்வதும், சிலிண்டரில் இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றல்ல.

இதைப் பற்றி எனக்கே ஓர் அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் ஒரு மழைக்கால இரவில், ஆஸ்துமாக்காரரான என் மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சிலிண்டரை உருட்டிவரச் சொன்னார். நிரம்பிய சிலிண்டர், சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை. ஆனால் வால்வைத் திறக்கும் சாவியைக் காணோம்.

"சாவி எங்கம்மா?" என்றார் டாக்டர்.

"போன வாரம் கூட இந்த ஆணியிலதான் சார் மாட்டி வெச்சேன்" என்றார் நர்ஸ். குரல் உடைந்துவிட்டது.

மேசையறையைக் கொட்டினார்கள். பீரோவுக்கு அடியில் தேடினார்கள். எதிர்வரிசையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் சத்தம் கேட்டு வந்து, நிலைமையைப் பார்த்து ஓடிப்போய்த் தன் ஸ்பானரைக் கொண்டுவந்தார். "தள்ளுப்பா" என்று என்னை ஒதுக்கிவிட்டு அவரே திருகித் திறந்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மாமா பிழைத்துக்கொண்டார். மறுவாரம் நான் அங்கே போனபோது சிலிண்டரின் கழுத்தில் நைலான் கயிற்றால் சாவி கட்டப்பட்டிருந்தது. நான் பார்த்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் மிகச் சிறந்தது அந்த ஒரு முழக் கயிறுதான்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். வால்வு இறுகிப்போனால் அதற்கு எண்ணெய் விடுவது நம் ஊர் வழக்கம். ஆக்சிஜன் சிலிண்டருக்கு எண்ணெயோ கிரீசோ படவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் தானே தீப்பற்றிக்கொள்ளும். உப்புக்காற்றில் துரு ஏறும் இக்கடலோரத்தில் இந்த ஆபத்து மிகுதி. வால்வு இறுகினால் சிலிண்டரை மாற்றுவதே வழி.

ஒரு மில்லி லிட்டர்

கிளினிக் அலமாரியில் இருக்கவேண்டிய மருந்துகளில் மிக முக்கியமானது மிகச் சிறியது: பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லி லிட்டர் அட்ரினலின். 1901-இல் ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி தகாமினே தூய நிலையில் பிரித்தெடுத்ததாக அறிவித்த அதே பொருள். நாய் துரத்தும்போது நம் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் குருதியில் விடுவதும் இதுவே.

காசிமேட்டில் இறாலும் நண்டும் அன்றாட உணவு. ஆனால் சிலருக்கு அவை ஒவ்வாது. சிலருக்கு ஓர் ஊசிமருந்து ஒவ்வாது. சிலருக்குக் குளவி கொட்டினால் ஆகாது. உடலின் பாதுகாப்புப் படை எதிரி வந்துவிட்டதாக எண்ணி அளவுக்கு மீறி ஆயுதங்களை வீசுகிறது. குருதிக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றிலிருந்து நீர் கசிகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது. சில நிமிடங்களில் உயிர் போகலாம். அட்ரினலின் இவை ஒவ்வொன்றையும் எதிர்த்திசையில் திருப்புகிறது. விரிந்த குழாய்களைச் சுருக்குகிறது. இறுகிய மூச்சுக்குழலை விரிக்கிறது. இதயத்தை வலுவாகத் துடிக்கச் செய்கிறது. வளர்ந்தவருக்கு மருத்துவர் கொடுப்பது அரைக் குப்பி. தொடையின் வெளிப்புறத் தசையில். அங்கே இரத்த ஓட்டம் மிகுதி ஆகையால் மருந்து விரைவில் பரவும்.

இங்கே ஒரு வழக்கமான தவறு நேர்கிறது. ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியையும் ஸ்டீராய்டு ஊசியையும் முதலில் போட்டுவிட்டு, அட்ரினலினுக்குப் பயந்து காத்திருப்பது. முன்னிரண்டும் மெதுவாக வேலை செய்பவை. அரிப்பும் தடிப்பும் மட்டும் என்றால் அவை போதும். மூச்சும் இரத்த அழுத்தமும் விழும்போது முதல் ஊசி அட்ரினலின். மற்றவை பின்னால் வரலாம்.

இம்மருந்துக்கு ஒளியும் வெப்பமும் ஆகாது. அதனால்தான் பழுப்புக் குப்பி. ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நீர்போல் தெளிந்த மருந்து இளஞ்சிவப்பாகி, பின் பழுப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அலமாரியில் கிடந்த குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நம்பக்கூடாது. தேதி முடிந்ததையும் நம்பக்கூடாது. விலை மிக மலிவு. ஆனால் பயன்படாமலேயே காலாவதியாகும் மருந்து என்பதால் வாங்கிவைக்க மறந்துபோகிறார்கள். பயன்படாமல் போனது நல்ல செய்திதானே!

சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் காலையில் சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதியச் சோற்றைத் தவறவிட்டால், குருதியில் சர்க்கரை சரிந்து மயங்கி விழுகிறார். குடித்திருக்கிறார் என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். விரல்நுனிச் சொட்டில் ஒரு சோதனை. சிரை வழியே குளுக்கோஸ். சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள் என்று கேட்பார். மருத்துவத்தில் மாயவித்தை போலத் தோன்றும் காட்சிகளில் இது ஒன்று. நினைவில்லாதவரின் வாயில் மட்டும் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போகும்.

நெஞ்சுவலிக்காரருக்கு இரத்தக் கட்டியைத் தடுக்கும் மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்பும் முறையை, 'இதயம் காப்போம்' என்ற பெயரில் 2023-இல் தமிழ்நாடு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் தொடங்கியது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மூன்று வகை மாத்திரைகள். தெருமுனைக் கிளினிக்கிலும் இவற்றை வைத்திருக்கத் தடையென்ன? வீட்டில் தாமாகவே விழுங்குவதற்கல்ல. மருத்துவர் பார்த்துக் கொடுப்பதற்கு.

ஏமாறும் கருவி, ஏமாற்றாத கருவி

விரலில் கவ்வும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்துவிட்டோம். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டறிந்த தத்துவம் அது. ஆக்சிஜன் ஏறிய குருதியும் ஏறாத குருதியும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இரண்டையும் ஒப்பிட்டு, நாடி துடிக்கும்போது மாறும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கருவி விழுக்காட்டைக் கணக்கிடுகிறது.

ஆனால் இது ஏமாறும். மூடிய தொட்டிக்குள்ளோ, எஞ்சின் அறையிலோ, ஜெனரேட்டர் ஓடும் கொட்டகையிலோ கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்தவரின் விரலில் மாட்டினால் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், கருவியின் கண்ணுக்கு ஆக்சிஜன் ஏறியதைப் போலவே தெரிகிறது. ஆளோ மூச்சில்லாமல் செத்துக்கொண்டிருப்பார். தொழிற்சாலைப் பகுதியில் கிளினிக் வைப்பவர் எண்ணைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்க வேண்டும். எங்கே வேலை செய்துகொண்டிருந்தாய் என்று கேட்க வேண்டும்.

இதயம் தாறுமாறாக அதிர்ந்து நின்றுவிட்டால் அதை ஒழுங்குக்குக் கொண்டுவருவது மின்னதிர்ச்சிக் கருவி. 1965-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் கார் மின்கலங்களைக் கொண்டு இதை ஆம்புலன்சில் ஏற்றியபோது அதன் எடை 70 கிலோ. இன்று இரண்டு மூன்று கிலோவில் வந்துவிட்டது. மார்பில் ஒட்டினால் அதுவே துடிப்பை ஆராய்ந்து, அதிர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறது. தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. ஆனால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. விலை ஒரு சிறு கிளினிக்குக்குக் கனமானதே. ஒரு தெருவின் கிளினிக்குகளும் கடைகளும் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவான இடத்தில் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதுவரை கைகள் இருக்கின்றன. மார்பின் நடுவெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது. 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இந்த முறையை உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் ஒரு மணி நேரத்தில் பழகலாம். உங்கள் பள்ளியின் செஞ்சிலுவைச் சங்கத்திலோ, சாரணர் படையிலோ கேட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும், போலீஸ் வரட்டும், பணம் கட்டட்டும் என்று காத்திராமல் உயிரைக் காக்க முற்படுவது கடமை. ஆனால் வெறுங்கையால் கடமையை எப்படி ஆற்றுவது? ஆகவேதான் சனிக்கிழமை தோறும் ஒரு பத்து நிமிடம். முள் எங்கே நிற்கிறது, சாவி கயிற்றில் இருக்கிறதா, குப்பி தெளிவாக இருக்கிறதா, மடித்துவைத்த ரப்பர்ப் பை வெப்பத்தில் ஒட்டிக்கொண்டதா, டார்ச்சின் மின்கலம் கசிந்ததா. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து. டாக்டர், நர்ஸ், சீட்டு எழுதும் பையன் மூவரும் மாதம் ஒருமுறை, ஒருவர் தரையில் படுத்துக்கொள்ள, ஒத்திகை பார்ப்பது. யார் 108-ஐ அழைப்பது, யார் பையை எடுப்பது, யார் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது என்று முன்பே பேசிவைப்பது. வழிகாட்டும் வேலையைத் தெருப்பிள்ளைகளே செய்யலாம். எந்தச் சந்து, எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த முறை காய்ச்சலுக்காக உங்கள் டாக்டரிடம் போகும்போது, வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், மூலையில் நிற்கும் கறுப்புச் சிலிண்டரைக் கவனியுங்கள். டாக்டரிடம் கேட்டு அதன் அழுத்தமானியைப் பாருங்கள். அது பி வகைச் சிலிண்டர். முள் 60-இல் நிற்கிறது. நோயாளிக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் தேவை. எண்ணூரிலிருந்து ஸ்டான்லிக்குப் போக, கன்டெய்னர் வரிசையையும் சேர்த்து, ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சிலிண்டர் தீர்ந்துவிடுமா, தாங்குமா? நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்பட்டால்?

விடையைக் கண்டுபிடித்தபின், சாவி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.